ஏழு மணிக் கணக்கு

ஆடி மாதம் ஊருக்குப் போனால் அம்மா முதலில் சொல்வது "சன்னலைச் சாத்து மக்களே" என்பதுதான். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து எங்கள் பக்கம் வந்து கொட்டும். மாடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலைச் சுற்றிக் காற்றாடி நட்டார்கள். காற்றாலை என்று நாளிதழில்தான் எழுதுவார்கள், ஊரில் அது காற்றாடிதான்.

போன முறை தென்னை தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியிலிருந்து தெரிகிற காற்றாடிகளில் பல அசையவே இல்லை. "இவ்வளவு காற்று அடிக்கிறது, அது ஏன் சும்மா நிற்கிறது? ரிப்பேரா?" என்று அம்மா கேட்டார்.

சில ரிப்பேராக இருக்கலாம். ஆனால் நல்ல நிலையில் இருப்பதையும் நிறுத்தச் சொல்வது உண்டு. காற்றாடி வைத்திருப்பவர்கள் அதைப் 'பேக் டவுன்' என்பார்கள். மின்சாரத்தை நெல்போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். மழை பெய்து ஏசிகள் அணைந்து, ஆலைகளும் மூடிக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையில் மின்சாரம் மிஞ்சும். அனல்மின் நிலையத்தை அடுப்புப்போல நினைத்தபோது அணைத்துப் பற்றவைக்க முடியாது. அணைத்தால் கொதிகலன் மறுபடி சூடேற மணிக்கணக்காகும், மாலையில் அது கட்டாயம் வேண்டும். எனவே ஓரளவுக்குக் கீழே அதை இறக்குவதில்லை. சட்டென்று நிறுத்தக்கூடியது காற்றாடிதான். காசில்லாமல் வருகிற காற்றை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியை எரிக்கிறோம்.

பசுமை மின்சாரம் பற்றிய மேடைப்பேச்சுகளில் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று எண்ணுகிறார்கள். எந்த மணிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை. 2025 ஜூனில் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராதது என்ற நிலை வந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கம்பியில் ஓடுகிற மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியுடையது.

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1986-லேயே தூத்துக்குடிப் பக்கம் 55 கிலோவாட் காற்றாடிகளை நிறுத்திச் சோதித்துப் பார்த்த மாநிலம் இது. 90-களில் கோவை, திருப்பூர் மில்காரர்கள் வரிச்சலுகைக்காகவும் சொந்தத் தேவைக்காகவும் இங்கே வந்து நிலம் வாங்கினார்கள். அவர்களுக்கு மின்வாரியம் கொடுத்த வசதிதான் பேங்கிங். ஜூலையில் உங்கள் காற்றாடி ஓட்டுகிற யூனிட்டை வாரியத்திடம் போட்டுவைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், பணப்பெட்டியே இல்லாத வங்கி அது. ஜூலையில் வந்தது ஜூலையிலேயே செலவாகிவிடும். திருப்பிக் கேட்கும்போது வாரியம் வேறெங்காவது வாங்கித்தான் கொடுக்க வேண்டும். தட்டுப்பாட்டு நேரத்தில் மின்சந்தையில் ஒரு யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடுவது உண்டு. ஆனாலும் பேங்கிங் இல்லாவிட்டால் இத்தனை காற்றாடி வந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். மே தொடக்கத்தில் எங்கள் கணவாயில் காற்று இன்னும் எழுந்திருக்காது. அந்தக் கோடையில் பகலைச் சூரியத் தகடுகள் ஓரளவு தாங்கிவிடும். கமுதியில் உள்ள சூரிய மின் நிலையம் மட்டுமே 648 மெகாவாட். பொழுது சாய்ந்த பிறகு? ஏழு மணிக்கு விளக்கு, ஏசி, டிவி, மிக்சி எல்லாம் ஒன்றாக எழுந்திருக்கும்போது கமுதி இருட்டில் கிடக்கும்.

இதற்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனைமலையில் காடம்பாறை இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிவிடுகிற 400 மெகாவாட் நீரேற்று நிலையம், 1980-களின் இறுதியில் வந்தது. ஏற்றி இறக்குவதில் கால் பங்கு வீணாகும், ஆனாலும் காற்றாடியை நிறுத்துவதைவிட அது மேல். ஆனால் 20,830-க்கு 400 என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. அடுத்ததாக வரவேண்டிய நீலகிரிக் குந்தா நீரேற்று நிலையம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இனி மலைதோறும் குடைவோம் என்றால் எனக்கு உடன்பாடில்லை. மேற்குத்தொடர்ச்சி மலை ஏற்கெனவே போதுமான அளவு பட்டிருக்கிறது. இருக்கிற அணைகளை இணைக்க முடிந்தால் சரி, மற்றபடி துணைமின் நிலையங்களுக்குப் பக்கத்தில் பேட்டரி வைக்கலாம். கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு, மற்ற எந்த ஒரு மூலத்தையும்விட அதிக மின்சாரம் கொடுத்தவை பேட்டரிகள்தான். விலையும் மளமளவென்று இறங்கியிருக்கிறது.

பழைய காற்றாடிகள் இன்னொரு வயிற்றெரிச்சல். நாட்டிலேயே அருமையான காற்று அடிக்கிற இடத்தில் 225, 250 கிலோவாட் கிழங்கள் உட்கார்ந்திருக்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. உயரத்தில் வேகம் கூடுதல் என்பதால்தான் புதியவை நூறு மீட்டருக்கு மேல் நிற்கின்றன. ஒன்று பத்துப் பழையதற்குச் சமம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நட, 2024-இல் தமிழ்நாடு அரசு கொள்கையும் வெளியிட்டது. ஆனால் பத்துக் காற்றாடிக்குப் பத்து முதலாளி, துண்டு துண்டான நிலம், பழைய கம்பி. பத்துப் பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது காகிதத்தில் எழுதுவதுபோல எளிதல்ல.

செலவாகிற நேரத்தையும் மாற்றலாம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ராத்திரி முறை வந்தால் டார்ச்சோடு பாம்புக்கு நடுவே வரப்பில் நடந்த தலைமுறை என் தாத்தாவுடையது. பம்புகளை நடுப்பகலுக்குக் கொண்டுவந்தால் தகட்டு மின்சாரமும் வீணாகாது, கால்களும் பிழைக்கும். மத்திய அரசு 2023-இல் விதியைத் திருத்தி, வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்றது. நேரத்தைக் கணக்கு வைக்கிற மீட்டர் வீட்டுக்கு வந்தால்தானே அது நமக்குப் பொருந்தும்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். தண்ணீர் மோட்டாரை இனி மத்தியானம் போடுவதாக ஒப்புக்கொண்டார். துணி தேய்ப்பதையும் பகலுக்கு மாற்றிக்கொள்கிறாராம். கிரைண்டரை மட்டும் மாற்ற முடியாது என்றார். "சாயங்காலம் ஆட்டினால்தான் மாவு காலையில் பதமாகப் புளித்திருக்கும். உன் சூரியனுக்காகப் புளித்துப் பொங்கின மாவில் இட்லி அவிக்கச் சொல்கிறாயா?"

சரியாக ஏழு மணிக்கு கிரைண்டர் ஓடத் தொடங்கியது.