எந்தப் பூசணி என்று சொல்லுங்களேன்

'பூசணி கண்ணுக்கு நல்லது, உடல் சூட்டைத் தணிக்கும்' என்று கட்டுரையில் ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். அது இரண்டு வேற வேற காய்ங்க. கண்ணுக்கு நல்லது மஞ்சள் பூசணி. எங்க ஊரில் பரங்கிக்காய், கோவைப் பக்கம் அரசாணி. அந்த மஞ்சளே பீட்டா கரோட்டின்தான், உடம்பில் வைட்டமின் ஏ ஆகும். சூட்டுக்கு லேகியம் கிண்டுவது வெண்பூசணியில். திருஷ்டிக்கு உடைப்போமே, மேலே சாம்பல் பூத்தது, அது. அதில் கரோட்டின் இல்லையென்றே சொல்லலாம்.

இன்னொன்று, கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். பரங்கியை வெறும் ஜூஸாகக் குடிப்பதைவிடத் தேங்காய் அரைத்துவிட்டு, எண்ணெயில் கடுகு தாளித்த கூட்டு மேல். பரங்கிக்காய் மட்டும் என்றால் 100 கிராமுக்கு 26 கலோரிதான், தைரியமாக இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளலாம்.

பரங்கி விதை விஷயம் அப்படியில்லை. அம்மா வழவழப்புப் போகக் கழுவி, மொட்டை மாடியில் முறத்தில் காயவைத்து, இரும்புச் சட்டியில் படபடவென்று வெடிக்க வறுப்பார். மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் உண்டு. ஆனால் 100 கிராம் 550 கலோரியைத் தாண்டும், ஒரு கைப்பிடியோடு நிறுத்தணும் (நான் நிறுத்தியதில்லை).

சிறுநீரகப் பிரச்சினையால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 100 கிராம் பரங்கியிலேயே சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது.