மழைமேல் மட்டும் பழி போடாதீர்கள்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தார்ச்சாலை பெயர்வதற்குக் கனமழைதான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது, அது பாதிதான் சரி. குழியின் ஓரத்தில் கிடக்கும் ஜல்லியை எடுத்துப் பாருங்கள், பல இடங்களில் தார் ஒட்டின சுவடே இல்லாமல் கழுவிவிட்டதுபோல் இருக்கும். கிரானைட் மாதிரி சிலிக்கா அதிகமுள்ள கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருங்கிய சொந்தம், சின்ன இடுக்கு கிடைத்தாலும் தண்ணீர் உள்ளே போய்த் தாரை உரித்துவிடும். இதற்குப் பழைய மருந்து நீற்றிய சுண்ணாம்பு, ஜல்லி எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். அதிலுள்ள கால்சியம் தாரின் அமிலப் பொருட்களோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகிக் கல்லோடு பிடித்துக்கொள்ளும். தார் சீக்கிரம் மூப்படைந்து விறைப்பதையும் சுண்ணாம்பு குறைக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா, நெவாடா மாநிலங்களில் இது பல காலமாக நடைமுறை. நெவாடாவில் ஈர ஜல்லியில் சுண்ணாம்பைக் கலந்து குவித்து ஊறவைத்த பிறகுதான் தாரோடு கலக்கும் பிளான்டுக்கு அனுப்புகிறார்கள். நம் மத்திய சாலை அமைச்சக விவரக்குறிப்பிலும் ஜல்லி இடுக்குகளை அடைக்கும் நுண்தூளாக, அதாவது நிரப்பியாக, நீற்றிய சுண்ணாம்பு சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் தளத்தில் பெரும்பாலும் கல் உடைக்கும் கிரஷரில் விழும் தூள்தான் போகிறது, அது மலிவாச்சே! சுண்ணாம்புக்கல் தூளைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பார்கள், நம்பாதீர்கள், வேலை செய்வது நீற்றிய சுண்ணாம்புதான். அப்புறம், ரோலர் சரியாக ஓட்டாமல் கலவைக்குள் காற்று இடைவெளி விட்டாலோ வடிகால் இல்லாமல் சாலையோரம் தண்ணீர் தேங்கினாலோ எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் பிரயோசனமில்லை.