"வேஸ்ட் துணிதானே"ன்னு சொல்ற வாய்க்கு ரெண்டரை இஞ்ச் பட்டி

"வேஸ்ட் துணிதானே, எப்படி வெட்டினா என்ன?"

மிச்சத் துணியில பட்டி வெட்டி, ஒட்டித் தைச்சு குயில்ட் போர்வை பண்ணச் சொல்லித் தர்ற வீடியோவுல பாதி இந்த வரியிலதான் ஆரம்பிக்குது. பின்னாடி ஒரு பாட்டு, சரக் சரக்குன்னு நாலு பட்டி, அடுத்த காட்சியில கட்டில் மேல முழு குயில்ட் விரிஞ்சு கிடக்கு. நடுவுல இருக்கிற நாலு நாள் வேலை எங்கய்யா போச்சு? அதை நம்பி மூட்டையைப் பிரிச்சவங்க வீட்டுல போய்ப் பாருங்க. வாழைப்பழம் மாதிரி வளைஞ்ச பட்டி, ஒரு பக்கம் ரெண்டரை மறுபக்கம் ரெண்டேகால், தைச்சு முடிச்சா நடுவுல அப்பளம் மாதிரி உப்பல். கடைசியில "எனக்குத் தையல் வராதுப்பா"ன்னு அவங்க தன்னைத்தானே நொந்துக்கறாங்க. தையல்ல குறையே இல்ல. வெட்டும்போதே போச்சு.

முதல்ல அந்த மூட்டை. டெய்லர் கடையில இருந்து ஓசியா வர்ற மூட்டைக்குள்ள காட்டன் மட்டும் இருக்கும்னு யார் சொன்னது? பிளவுஸ் லைனிங், கிரேப், ஜார்ஜெட், சுடிதார் பேண்ட்டோட மிச்சம், ஜரிகைக் கரை, ரேயான் குர்தியோட அக்குள் துண்டு, எல்லாம் ஒண்ணா கிடக்கும். இதை அப்படியே கலந்து தைச்சா முதல் அயர்னிங்லயே கதை முடிஞ்சது. காட்டனுக்கு வேண்டிய சூட்டுல பாலியஸ்டர் உருகிப் போய் அயர்ன் பாக்ஸ் அடியில ஒட்டிக்கும். சந்தேகம்னா ஓரத்துல நாலு நூல் உருவி, இடுக்கியில பிடிச்சு, ஒரு எவர்சில்வர் தட்டு மேல வச்சுக் கொளுத்துங்க. காட்டன்னா காகிதம் எரியற வாசனை வரும், தொட்டா சாம்பல் உதிரும். பாலியஸ்டர்னா சுருண்டு உருகி, ஆறினதும் கல்லு மாதிரி ஒரு கறுப்பு மணி நிக்கும். ஆனா ரேயான் இந்தச் சோதனையில அழகா ஏமாத்தும். அதுவும் காகிதம் மாதிரியே எரியும். அதைக் கண்டுபிடிக்க நூலை நனைச்சு இழுங்க. காட்டன் நனைஞ்சாலும் தாங்கும், ரேயான் பொசுக்குனு அறுந்துடும். கொழகொழன்னு நழுவற துணியை எவ்வளவு அழகான பூப்போட்டிருந்தாலும் தள்ளி வையுங்க.

இன்னொரு கூட்டம், திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிலோ கணக்குல வாங்கி வந்து பட்டி வெட்டுது. ஐயா, அது பின்னல் துணி. வெட்டின நிமிஷமே ஓரம் குழாய் மாதிரி சுருளும், மிஷின்ல ஓட்டும்போது இழுபடும். மிதியடி பின்ன, ஒர்க்‌ஷாப்புல கை துடைக்க அருமையான சரக்கு. பாப்ளின் பக்கத்துல வச்சுத் தைச்சுட்டு மிஷினைத் திட்டினா மிஷின் என்ன பண்ணும்?

நனைக்கிறது. பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது லைனிங்கை நனைச்சுக் காயவச்சுக் கொடுக்கத் தெரிஞ்ச அதே ஆளுங்க, குயில்ட்டுன்னு வந்தா "சின்னத் துண்டுதானே"ன்னு அப்படியே வெட்டறாங்க. சின்னத் துண்டும் சுருங்கும்மா. பக்கத்துல இருக்கிற துண்டு சுருங்காது, அதனாலதான் முதல் துவைப்புலயே சுருக்கம் விழுது. சிவப்பு, மெரூன், கருநீலம் மூணையும் தனித்தனியா நனைங்க. ஈரத்தோட ஒரு வெள்ளைத் துணிக்குள்ள வச்சு அயர்ன் பாக்ஸால அழுத்திப் பாருங்க, கறை இறங்கினா அந்தத் துண்டு வேண்டாம். உப்புத் தண்ணியில ஊறவச்சா சாயம் நிக்கும்னு தலைமுறை தலைமுறையா ஒரு வைத்தியம் ஓடுது. சரியா ஏறாத சாயத்தை வீட்டு உப்பு பிடிச்சு நிறுத்தாது. உப்புதான் வீண்.

இப்ப முக்கியமான விஷயம், நேர். துணியில பாவு நூல் நீளவாக்குல ஓடும், ஊடை குறுக்கே. பாவு வாக்குல இழுத்தா அசையாது, ஊடை வாக்குல கொஞ்சம் கொடுக்கும், மூலைக்கு மூலை இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். அதுதான் கிராஸ். நம்ம ஊர் பிளவுஸ் பாதி கிராஸ் கட். அதுல விழற துண்டுல எந்த ஓரமும் நேர்ல இருக்காது. அந்தத் துண்டோட நீளமான ஓரத்தைப் பார்த்து "ஆஹா, இது நேராத்தானே இருக்கு"ன்னு ஸ்கேலை வச்சு வெட்டறாங்க பாருங்க, அங்கதான் வயிறு எரியுது. கண்ணுக்கு நேரா இருக்கிறதும் நூலுக்கு நேரா இருக்கிறதும் ஒண்ணில்ல. ஓரக் கரை இருந்தா அதுக்கு இணையா வெட்டுங்க. கரை இல்லேன்னா ஊசி முனையால ஒரு நூலைக் கிளப்பி மெதுவா உருவுங்க. துணியில மெல்லிசா ஒரு கோடு விழும், அதுதான் நேர். ஒரு துண்டுக்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்துக்குப் பொறுமை இல்லாதவங்க, பிறகு மணிக்கணக்கா பிரிக்கிறாங்க.

கிழிச்சா நேரா வரும்னு ஒரு குறுக்குவழி சொல்வாங்க. பாப்ளின் நேராத்தான் கிழியும், பொய்யில்ல. ஆனா கிழிச்ச ரெண்டு ஓரமும் இழுபட்டு நெளிஞ்சிருக்கும். ரெண்டரை வேணும்னா மூணாக் கிழிச்சு, அயர்ன் பண்ணி, ரெண்டு பக்கமும் சீவணும். குட்டித் துண்டுல அவ்வளவு துணியைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

கிராஸ் துண்டை விடவே மனசில்லேன்னா கஞ்சி போடுங்க. அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ, நல்லா வடிகட்டி, தோய்ச்சு, காயவச்சு, தேய்க்காம அழுத்தி அயர்ன் பண்ணா துணி காகிதம் மாதிரி நிக்கும், வெட்டும்போது நீளாது. ஆனா கஞ்சி போட்ட பட்டியைப் பெட்டியில மாசக்கணக்கா வைக்காதீங்க. ராமபாணப் பூச்சிக்கு அது விருந்துச் சாப்பாடு.

சரி, கருவி. வட்ட பிளேடை உருட்டி வெட்டற ரோட்டரி கட்டரை ஜப்பான்ல ஓல்ஃபா கம்பெனி 1979ல கொண்டு வந்துச்சு. இத்தனை வருஷம் ஆகியும் "பிளேடு எப்ப மாத்தணும்?"னு கேட்டா "உடைஞ்சாதானே?"ங்கற பதில்தான் வருது. வெட்டின கோட்டுல ஒரே இடைவெளியில ரெண்டு மூணு நூல் அறுபடாம நின்னா பிளேடுல பல் விழுந்திருச்சுன்னு அர்த்தம். ரெண்டு தடவை ஓட்ட வேண்டி வந்தா மழுங்கிருச்சுன்னு அர்த்தம். மழுங்கின பிளேடை அழுத்தி ஓட்டும்போதுதான் ஸ்கேல் நழுவி விரல் போகுது. ஒவ்வொரு வெட்டுக்கும் மூடி வையுங்க, பழைய பிளேடைத் தகர டப்பாவுல போட்டு மூடுங்க, குப்பைக்காரர் கையைக் கிழிக்காதீங்க.

கட்டருக்கு அடியில விரிக்கிற கட்டிங் மேட்டை மொட்டை மாடி வெயில்லயோ கார்லயோ வச்சுட்டு, "ஏன் படகு மாதிரி வளைஞ்சிருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது. வளைஞ்சதைத் திருப்பறது லேசில்ல. அது மேல அயர்ன் பாக்ஸ் வைக்கறவங்களைப் பத்திப் பேசவே வேண்டாம். மேட்டுல ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் இஞ்ச் இருக்கும். ரெண்டரை இஞ்ச்னா 6.35 சென்டிமீட்டர். "சுமாரா ஆறு"ன்னு வெட்டினா மூணரை மில்லிமீட்டர் காலி. அளவை மேட்டுக் கோட்டைப் பார்த்து எடுக்காதீங்க, கண்ணாடி ஸ்கேல் கோட்டைப் பார்த்து எடுங்க. ஸ்கேல் வழுக்கினா அடியில உப்புத்தாளை நாலு பொட்டு வெட்டி ஒட்டுங்க. கட்டரே இல்லையா? ஒண்ணும் குடி முழுகிப் போகல. எல் ஸ்கேல் வச்சு துணியோட பின்பக்கம் பென்சில் கோடு, ஒரு தடவைக்கு ஒரே அடுக்கு, நீளமான கத்தரி. மெதுவா ஆகும், ஆனா சரியா வரும்.

மடிச்சு வெட்டறதுல ஒரு சாபக்கேடு இருக்கு. மடிப்புக்குச் சரியா செங்குத்தா ஸ்கேல் நிக்கலேன்னா, பட்டியை விரிக்கும்போது மடிப்பு இருந்த இடத்துல முழங்கை மாதிரி ஒரு வளைவு நிக்கும். ரெண்டு மடிப்புன்னா மூணு வளைவு. அதை அயர்ன் பண்ணி நேராக்க முடியாது, நாலா வெட்டிச் சின்னதாக்கத்தான் முடியும். மூணு நாலு பட்டிக்கு ஒரு தடவை நிறுத்தி, ஓரத்தைத் திரும்பச் சீவி, செங்குத்தைச் சரிபாருங்க. அடுக்கு நாலுக்கு மேல வேண்டாம். எட்டு அடுக்கு அடுக்கினா அடியில இருக்கிறது எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு வெட்டின பிறகுதான் தெரியும்.

"ஒரு நூல்தானே தப்பிச்சு?" இது அடுத்த எரிச்சல். தச்சர் கணக்குல ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. கணக்குப் போடுங்க. ரெண்டரை இஞ்ச் பட்டி எட்டு. ஒவ்வொரு தையலுக்கும் ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச். முடிஞ்சதும் அகலம் பதினாறரை வரணும். தையல் வெறும் அரை நூல் உள்ள தள்ளிப் போச்சுன்னு வச்சுக்குங்க. ரெண்டு பக்கத் துணியிலயும் அரை அரை போகும், ஒரு தையலுக்கு ஒரு நூல். ஏழு தையலுக்கு ஏழு நூல். கைக்கு வர்றது பதினைந்து இஞ்ச் அஞ்சு நூல். பக்கத்துக் கட்டம் பதினாறரையா நிக்கும்போது இதை எங்க கொண்டு போய்ச் சேர்ப்பீங்க? இழுத்துத்தானே? அந்த உப்பலோட மூலம் அதுதான்.

வீட்டு மிஷின்ல துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தோட ஓரம் ஊசியில இருந்து கால் இஞ்ச்னு எங்கயும் சத்தியம் பண்ணிக் கொடுக்கல. ஒன்றரை இஞ்ச் பட்டி மூணை ஒட்டித் தைச்சு அயர்ன் பண்ணுங்க. நடுப் பட்டி மிகச்சரியா ஒரு இஞ்ச் தெரியணும். குறைஞ்சா ஊசியை ஓரத்துக்குக் கிட்ட கொண்டு போங்க, அளவு கிடைச்சதும் மிஷின் தட்டுல அந்த இடத்துல டேப் ஒட்டுங்க. மடிப்பே கொஞ்சம் துணி தின்னும், அதனால கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை குறைவாத்தான் தையல் போகணும். பட்டிகளை எல்லாம் ஒரே பக்கத்துல இருந்து தைச்சுட்டே போனா மொத்தமும் வில்லு மாதிரி வளையும். ஒண்ணு மேல இருந்து, அடுத்தது கீழ இருந்து தையுங்க.

அடுக்கி வைக்கிற விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி ஜாடியில நிறவாரியா சுருட்டி, ஜன்னலோரம் வரிசையா வச்சுப் படம் எடுத்துப் போடறாங்களே, அது வேலைக்கு ஆகாது. வெயில்ல வெளுக்கும், ஜாடிக்குள்ள எத்தனை அகலம் இருக்குன்னு ஆண்டவனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் கொட்டி அளக்கணும். பிரிக்க வேண்டியது அகலத்தை வச்சு. ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை, மூணரை, அஞ்சு. இந்த அளவுங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். தையலுக்கு அரை இஞ்ச் போக, ஒன்றரை இஞ்ச் பட்டி ரெண்டைச் சேர்த்தா ரெண்டரை. ரெண்டு இஞ்ச் ரெண்டைச் சேர்த்தா மூணரை, மூணைச் சேர்த்தா அஞ்சு. எந்தப் பெட்டி தீர்ந்தாலும் இன்னொண்ணு கைகொடுக்கும். இதை விட்டுட்டு "துணி வீணாகுதே"ன்னு ரெண்டேகால், ரெண்டேமுக்கால்னு வெட்டி வச்சா, அதுக்கு ஜோடி இந்த ஜென்மத்துல கிடைக்காது. துண்டு எந்த அளவுக்குத் தாங்குமோ அதுல பெரிய அகலமா வெட்டுங்க. அஞ்சை ரெண்டரையாக்கலாம், ரெண்டரையை அஞ்சாக்கறதுக்கு மறுபடி தையல் வேணும்.

சட்டை வர்ற அட்டைப்பெட்டி போதும். மூடியில மட்டும் எழுதாதீங்க, மூடி மாறிடும். பெட்டியோட பக்கத்துல அகலத்தைப் பெருசா எழுதுங்க. பத்து இஞ்சுக்குக் குறைஞ்ச நீளம் எல்லாம் தனி உறையில. உள்ள வெளிர், அடர்னு ரெண்டே பிரிவு. எது வெளிர்னு குழப்பமா இருந்தா போன்ல கறுப்பு வெள்ளையில படம் எடுங்க, ஆரஞ்சும் பச்சையும் ஒரே சாம்பலா நிக்கிறது அப்பத்தான் தெரியும். மழைக்காலத்துல ஈரம் காயாம பிளாஸ்டிக் பையில கட்டி வச்சா பூஞ்சை பிடிக்கும்னு நான் சொல்லித்தானா தெரியணும்?

"இவ்வளவு பாடா? பேசாம ஜெல்லி ரோல் வாங்கிடலாமே"ன்னு ஒரு குரல் வரும். மோடாங்கற அமெரிக்கக் கம்பெனி வச்ச பேரு அது. ரெண்டரை இஞ்ச் பட்டி நாற்பது, சுருட்டி ரிப்பன் கட்டி இருக்கும். விரிச்சு அடுக்கினா நூறு இஞ்ச், அதாவது 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில ரெண்டரை மீட்டர். அதை அந்த விலைக்கு வாங்கணுமான்னு நீங்களே பாருங்க. வாங்கினாலும் ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருப்பான்; ரெண்டரைங்கறது பல் நுனியில இருந்தா, பள்ளத்துல இருந்தான்னு முதல் பட்டியை அளந்து பார்க்காம தைக்க உட்காராதீங்க.

"அமெரிக்காவுல அலபாமா பக்கம் ஜீஸ் பெண்ட் ஊர்ல குயில்ட் தைச்ச பொம்பளைங்க ஸ்கேல் வச்சா வெட்டினாங்க? 2002ல அவங்க குயில்ட்டை ஹூஸ்டன் மியூசியத்துலயே மாட்டினாங்களே"ன்னு மடக்கறவங்களும் உண்டு. மாட்டினாங்க, மாட்ட வேண்டிய வேலைதான். அவங்களோட ஹவுஸ்டாப் மாதிரியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நடுவுல ஒரு துண்டு, சுத்தி ஒவ்வொரு பட்டியா கட்டத்தோட நீளத்துக்குப் பொருத்திப் பொருத்தி வளர்க்கிற வேலை அது. பழைய வேலை உடுப்பைப் பிரிச்சுத் தைச்ச கைங்க, துணி எந்தப் பக்கம் இழுபடும்னு தொட்டாலே தெரிஞ்ச கைங்க. நேத்து கத்தரி எடுத்தவங்க சோம்பேறித்தனத்துக்கு அவங்க பேரை இழுக்காதீங்க.

ஒன்றரைக்கும் கீழ மிஞ்சற பொடி, ஜரிகைக் கரை, பிசிறு எல்லாம் தரை மெத்தைக்குள்ள திணிக்க ஆகும். ஆனா திணிக்கிறதுக்கு முன்னாடி, ஏன், மூட்டையைப் பிரிச்ச அன்னைக்கே, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணை எடுத்து துணி மேல ரெண்டு தடவை ஓட்டுங்க. டெய்லர் கடை மூட்டையில குண்டூசி, உடைஞ்ச மிஷின் ஊசி, கொக்கி எல்லாம் இலவச இணைப்பு. அதுல ஒண்ணு பிளேடுல மாட்டினா புது பிளேடு போச்சு. மெத்தைக்குள்ள போனா யார் உட்காரும்போது வெளிய வரும்னு யாருக்கும் தெரியாது.