‘3+’ என்பது அறிவுக்கான அளவு இல்லை

"பொம்மைப் பெட்டியில போட்டிருக்கிற 3+ குழந்தையோட மூளைக்குத்தான், ஒன்றரை வயசுக் கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தாராளமா வாங்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தப்பு. பெட்டியில் 0–3 என்று எழுதிக் குறுக்குக்கோடு போட்ட வட்டம் பெரும்பாலும் மூச்சடைப்பு எச்சரிக்கைதான்.

சோதனைக்கூடத்தில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளை உண்டு. பொம்மையோ, இழுத்ததில் கழன்ற துண்டோ அதற்குள் முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்குக் கீழே தரக்கூடாது. வீட்டில் டாய்லெட் பேப்பரின் அட்டைக்குழலில் போட்டுப் பாருங்கள். அது கொஞ்சம் அகலம், அதனால் தீர்ப்பும் கொஞ்சம் கடுமையாகவே வரும், நல்லதுதான்.

கரடி பொம்மையில் முதலில் பார்க்க வேண்டியது கண். ஒட்டிய பிளாஸ்டிக் கண்ணைவிட நூலில் பின்னிய கண் மேல். தையலை இரு கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு தெரிந்தால் வேண்டாம். தெர்மாகோல் மணி அடைத்ததென்றால் வாங்கவே வேண்டாம். பாட்டுப் பாடும் பொம்மையில் பேட்டரி மூடிக்குத் திருகு இருக்கணும்; பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை (தயாரிப்பாளரின் உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் முத்திரை இருக்கிறதே என்று ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் தொட்டிலில் எந்தப் பஞ்சு பொம்மையையும் போடாதீர்கள்.