அடிமாட்டு விலைக்குக் கொடுக்க மறுத்தது பேராசையா?

இரண்டு நாளாக அந்தப் பதிவைத்தான் ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். 2020-ல் சுரங்க, உலோகக் கம்பெனியான வேதாந்தாவின் டீலிஸ்டிங் (கம்பெனியை நடத்தும் முதலாளித் தரப்பான புரமோட்டர், மற்றவர்களின் ஷேரை வாங்கிக்கொண்டு கம்பெனியைப் பங்குச்சந்தையிலிருந்து விலக்குவது) தோற்றதற்குச் சிறு பங்குதாரர்களின் பேராசைதான் காரணம் என்கிறது அது. படித்ததும் வயிறு எரிந்தது.

அந்த விலை எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? 2020 ஜனவரியில் 150 ரூபாயை ஒட்டி இருந்த ஷேர், மார்ச் கொரோனா சரிவில் 60 பக்கம் விழுந்தது. மே 12-ம் தேதி புரமோட்டர் தரப்பு ஷேருக்கு 87.50 தருவதாக அறிவித்தது. ஃப்ளோர் பிரைஸ், அதாவது அதற்குக் கீழே போகக் கூடாத விலை, 87.25. அது 60 வர்த்தக நாள் சராசரியை வைத்துப் போடும் கணக்கு. அந்த 60 நாளுக்குள் சரிவு முழுவதும் அடங்கிவிட்டது. விதியை மீறவில்லை, சரி. ஆனால் விதிப்படி வந்த விலை நியாயமான விலை ஆகிவிடுமா?

87.50 என்றால் மொத்தக் கம்பெனிக்கும் சுமார் 32,500 கோடி. துணை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஜிங்கில் வேதாந்தா வைத்திருந்த 64.92 சதவீதப் பங்கின் சந்தை மதிப்பு மட்டுமே அன்று 40,000 கோடிக்கு மேல். கடனைக் கழிக்க வேண்டாமா என்பீர்கள். கழியுங்கள். கூடவே ஜார்சுகுடா, கோர்பா அலுமினிய ஆலைகளையும் பார்மர் எண்ணெய் வயலையும் கோவா, கர்நாடகா இரும்புத்தாதுவையும் கூட்டுங்கள். அதன்பிறகு எங்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லுங்கள்.

இந்தச் சிறு பங்குதாரர்களில் பலர் வேதாந்தாவைத் தேடிப் போய் வாங்கியவர்களே இல்லை. கெய்ர்ன் இந்தியா ஷேர் வைத்திருந்தார்கள். 2017 இணைப்பில் ஒன்றுக்கு ஒரு வேதாந்தா ஷேரும், 10 ரூபாய் முகமதிப்பில் நான்கு பிரிஃபரன்ஸ் ஷேரும் (நிலையான வருமானம் தரும் வகை) கைக்கு வந்தன. ஒருமுறை அடுத்தவர் போட்ட கணக்குக்குத் தலையாட்டியவர்கள், இரண்டாம் முறையும் ஆட்ட வேண்டுமா?

டீலிஸ்டிங் விலையை முடிவு செய்யும் ஏலம் நடக்கும் விதமே பலருக்குத் தெரியவில்லை. 87.50 என்பது புரமோட்டர் தரப்பு சொன்ன விலைதான், நம் விலையை நாம்தான் எழுத வேண்டும். அக்டோபர் 5 முதல் 9 வரை ஐந்து நாள். ஏலம் முடிவதற்கு முந்தைய நாள் வரை பிட்டை (நாம் எழுதிய விலையை) உயர்த்தலாம், திரும்பப் பெறலாம். குறைக்க மட்டும் முடியாது. புரமோட்டர் கையிருப்பு 90 சதவீதத்தைத் தொடும் இடத்தில் எந்த விலை நிற்கிறதோ, அதுவே எல்லோருக்குமான விலை. குறைத்துப் போட்டவருக்கும் அதே பணம்தான். ஆனால் அந்தக் குறைந்த பிட்டுகள் சேரச் சேர, விலை கீழேதான் நிற்கும். முதல் நாளே பயந்து 87.50 போடாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தியது இதற்காகத்தான்.

கொடுக்காமல் இருந்தால் ஷேர் வெறும் காகிதமாகிவிடும் என்றும் பயமுறுத்தினார்கள். டீலிஸ்டிங் வெற்றி பெற்றாலும், மிச்சமிருப்பவர்கள் அதே விலைக்கு ஒரு வருடம் வரை கொடுக்கலாம். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டால்தான் ஆபத்து. வாங்க ஆள் தேடி அலைய வேண்டும்.

சரி, தோற்றது எதனால்? 134.12 கோடி ஷேர் தேவைப்பட்டது. உறுதியானவை 125.47 கோடி. எண்ணிக்கை எட்டவில்லை, அதனால் விழுந்தது. 320 ரூபாய் கேட்டது எல்ஐசி. அதை யாரும் பேராசை என்று எழுதவில்லை. 200 ஷேர் வைத்திருப்பவன் 150 கேட்டால் மட்டும் பேராசையா?

தோற்ற மறு வர்த்தக நாளில் 122-லிருந்து 97 பக்கம் இறங்கியதே என்பீர்கள். உண்மை. அவசரப் பணத்தேவை இருந்தவர்கள் 120-ல் சந்தையிலேயே விற்றிருக்க வேண்டும். அதை மறுக்கவில்லை.

ஆனால் அதே புரமோட்டர் தரப்பு 2021 ஜனவரியில் 160-க்கு ஓப்பன் ஆஃபர் (பொதுப் பங்குதாரர்களிடம் ஷேர் வாங்கும் அறிவிப்பு) கொண்டு வந்தது. மார்ச்சில் 235 ஆக உயர்த்தியது. 65.1 கோடி கேட்டார்கள், 37.42 கோடிதான் கிடைத்தது. 2021-22-ல் ஒரு ஷேருக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) 45 ரூபாய், 2022-23-ல் 101.50. இரண்டு வருட டிவிடெண்டே 146.50. வரி போனாலும் 87.50-ஐத் தாண்டுகிறது. அந்த 87.50-க்கு முழு ஷேரையும் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்!

அந்தக் கம்பெனி ஷேரை வைத்திருந்ததே தப்பு என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இதே கம்பெனியின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில், 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனதை நானும் மறக்கவில்லை. அதற்காக ஷேரே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களை மதிக்கிறேன். ஆனால் குறைந்த விலைக்குக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? மிச்சம் முழுவதும் புரமோட்டருக்குத்தானே போயிருக்கும்.

இனி இன்னும் கஷ்டம். 2024-ல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதியை மாற்றிவிட்டது. ஃப்ளோர் பிரைஸுக்கு மேல் குறைந்தது 15 சதவீதம் வைத்துப் புரமோட்டரே ஒரே விலையாக அறிவிக்கலாம், ஏலம் தேவையில்லை. அப்படி வந்தால் கொடுப்பதா வேண்டாமா என்பது மட்டும்தான் நம் கையில். கடித உறை வந்ததும் முதலில் துணை நிறுவனப் பங்குகளின் சந்தை மதிப்பைக் கூட்டுங்கள், கடனைக் கழியுங்கள், ஷேர் எண்ணிக்கையால் வகுங்கள். டீலிஸ்டிங்குக்கு ஒப்புதல் கேட்கும் தபால் வாக்கை விட்டுவிடாதீர்கள். எதிர்த்து விழும் வாக்கைப்போல் இரண்டு மடங்காவது பொதுப் பங்குதாரர்கள் ஆதரித்தால்தான் தீர்மானம் நிறைவேறும்.

அந்தப் பதிவைப் போட்டவருக்கு ஒரே வேண்டுகோள். பதிவை நீக்க வேண்டாம். பேராசை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.