ஒப்புமையை விடப் பிழையே வலுவான சாட்சி

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் டிஎன்ஏ 98 விழுக்காடு ஒன்று என்பதையே பொது மூதாதைக்குத் தலையாய சான்றாக எடுத்துவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முடிவு சரிதான், காட்டும் சான்றுதான் வலுக் குறைந்தது. 2005இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதின் வரிசை, வெளியானபோது, நேருக்கு நேர் பொருத்திப் பார்க்க முடிந்த பகுதிகளில், டிஎன்ஏவின் அலகுகளான எழுத்துகளை ஒப்பிட, எழுத்துக்கு எழுத்து வேறுபாடு ஏறத்தாழ 1.2 விழுக்காடு என்று தெரிந்தது; விடுபட்ட துண்டுகளையும் இடையில் நுழைந்த துண்டுகளையும் சேர்த்தால் அது இன்னும் கூடும். ஒரே விதமாக இயங்கும் உடல்களில் ஒரே விதமான மரபணுக்கள் இருப்பதில் என்ன வியப்பு என்று ஒருவர் கேட்டால், அது தள்ளிவிடக்கூடிய கேள்வியும் அன்று.

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்கள், இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒத்துவருவதைப் பெரிதாகக் கொள்வதில்லை. ஆனால் அதே அடியில் அதே சீர் இரண்டிலும் விட்டுப்போயிருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவையோ என்று ஐயுறத் தொடங்குவார்கள். உயிரினங்களிலும் அப்படிப்பட்ட பிழைகள் உண்டு. ஆடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தம் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. நமக்கோ நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும். அதை ஆக்கும் கடைசிப் படிக்குரிய மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. மனிதன், சிம்பன்சி, ஒராங்உட்டான், மக்காக் குரங்கு ஆகிய நான்கிலும் அதன் ஒரு பகுதியில் அதே இடத்தில் அதே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. கினிப்பன்றியும் இந்தத் திறனை இழந்த விலங்குதான். ஆனால் அதன் மரபணு சிதைந்த விதமே வேறு.

டிஎன்ஏ இழை சுருண்டு அமைந்த பொதிகளான குரோமோசோம்களின் எண்ணிக்கையை மறுப்பாகச் சொல்வோரும் உண்டு: வாலில்லாப் பெருங்குரங்குகளுக்கு 48, நமக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோமில் அதற்கு விடை இருக்கிறது. குரோமோசோமின் நுனியில் மட்டுமே வழக்கமாக வரிசைகட்டி நிற்கும் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்துத் தொடர் அங்கே நடுவில் வருகிறது. வந்து, ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, சிசிசிடிஏஏ என்று எதிர்முகமாக ஓடுகிறது. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டி ஒன்றான தழும்பு அது. 1991இல் இதைப் படித்துக் காட்டினார்கள். ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய, செல் பிரியும்போது அதை இழுக்கும் பிடியான சென்ட்ரோமியர் இங்கே இரண்டு; செயலிழந்த இரண்டாவதின் எச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரு பாதிகளும் சிம்பன்சியின் தனித்தனியான இரண்டு குரோமோசோம்களோடு பொருந்துகின்றன.

இந்த ஒட்டு மட்டும் தனியாக உறவை நிறுவாது. நம் முன்னோருக்கும் ஒருகாலத்தில் 48 இருந்தது என்பதையே அது சொல்கிறது. சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களோடு உள்ள அந்தப் பொருத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்கு எடை வருகிறது. ஒட்டு நிகழ்ந்ததும் நேற்றன்று: சைபீரியாவில் ஒரு குகையில் கிடைத்த விரலெலும்பிலிருந்து படித்து 2012இல் வெளியிட்ட, டெனிசோவன் என்னும் அழிந்துபோன மனித இனத்தின் மரபணுத்தொகுதியிலும் அதே தழும்பு இருக்கிறது.