கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் எங்கே போகும்?

அணுமின்சாரம் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் இரண்டு கட்சிதான். "செர்னோபில் மறந்துபோச்சா?" என்பது ஒன்று, "அப்போ இருட்டில் கிட" என்பது இன்னொன்று. உலை வெடிக்குமா வெடிக்காதா என்பதிலேயே சண்டை முடிந்துவிடுகிறது. உலையைவிட அதிலிருந்து வெளியே எடுப்பதை என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

நான் அணுமின் எதிர்ப்பாளன் இல்லை. காற்று நின்றுபோன ராத்திரியிலும் நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் தர நம்மிடம் வேறு வழிகள் குறைவு. அதனால்தான் கேட்கிறேன்.

1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட கூடங்குளம் ஒப்பந்தப்படி, பயன்படுத்திய எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அப்புறம் அந்த நாடே இல்லாமல் போனது. 1998-ல் ரஷ்யாவோடு போட்ட துணை ஒப்பந்தத்தில், எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று மாற்றினார்கள். எவ்வளவு பெரிய மாற்றம்! கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் பக்கத்துக் கிராமங்களில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உலையிலிருந்து எடுத்த எரிபொருள் சூடு தணிய ஆண்டுக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும். 2011-ல் சுனாமி தாக்கியபோது ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் 4-வது உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் எரிபொருள் முழுக்கத் தொட்டியில்தான் இருந்தது. தண்ணீர் வற்றிவிட்டதோ என்று உலகமே பதறியது. நல்லவேளை, வற்றவில்லை. ஓடாத உலைக்கே அந்தப் பதற்றம்.

"அது கழிவே இல்லை, செல்வம்" என்கிறது நம் அணுசக்தித் துறை. அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்து வேக ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) பயன்படுத்தலாம் என்பது திட்டம். தப்பில்லை. ஆனால் 2010-ல் முடியும் என்று 2004-ல் தொடங்கிய கல்பாக்கம் 500 மெகாவாட் ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பத் தொடங்கியதே 2024-ல்தான். பிரித்தெடுத்த பிறகும் கடும் கதிரியக்கக் கழிவு மிஞ்சத்தான் செய்யும். அதை நிரந்தரமாகப் புதைக்க நம்மிடம் இன்னும் இடம் இல்லை.

பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ தீவில் 400 மீட்டருக்கும் கீழே, பாறையைக் குடைந்து நிரந்தரக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். செம்புக் குடுவை, அதைச் சுற்றிக் களிமண். தொழில்நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களுடைய 1987-ம் ஆண்டுச் சட்டம். ஊராட்சி வேண்டாம் என்றால் அரசு அங்கே கட்ட முடியாது. அந்த உரிமை கையில் இருந்தும் அந்தத் தீவு இருக்கும் யூராயொகி ஊராட்சி 2000-ல் சம்மதித்தது. பக்கத்திலேயே பல ஆண்டுகளாக உலைகளைப் பார்த்துப் பழகிய ஊர் அது. ஜெர்மனியில் 1977-ல் கழிவுக் கிடங்குக்காக கோர்லெபன் என்ற ஊரை மேலிருந்து தேர்ந்தெடுத்துத் திணித்தார்கள். நாற்பதாண்டுக்கும் மேல் போராட்டம் நடந்தது. 2020-ல் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? கேள்வி கேட்ட, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. 2013-ல் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்கிறார்கள். சரி, கட்டுங்கள். கூடவே, கழிவுக் கிடங்கை மறுக்கும் உரிமையைக் கிராம சபைக்குச் சட்டமாகவே எழுதிக்கொடுங்கள். எல்லா ஊரும் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது அந்த 100-ஐக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.